கவிஞர் பேசக் கூடாது

ஜனவரி 14, செவ்வாய்

இன்று பொங்கல். வெளியே முழங்கால் அளவு பனி. குக்கரில் பொங்கல் வைத்து, நெய்யில் முந்திரியை வறுக்கப் போட்டேன். கூரையில் இருக்கும் புகை அலாரம் அலறத் தொடங்கிவிட்டது. நான் "பொங்கலோ பொங்கல்" என்று கத்த நினைத்தேன், எனக்கு முன்னால் அது கத்தித் தீர்த்தது. ஸ்டூலில் ஏறி நின்று துண்டால் விசிறி அடக்கினேன்.

பொங்கலைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் இல்லை. ஆகஸ்டில் கிளம்பி வந்ததிலிருந்து இப்படித்தான். எதை அனுப்பினாலும் அடுத்த நிமிடமே பார்த்துவிடுவாள். போன் போட்டால் எடுக்க மாட்டாள்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள் உச்சிமாகாளி அக்காதான். கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க் வேலை. அம்பாசமுத்திரம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கும் உள்ளூர்க் கல்லூரியிலேயே வேலை கிடைத்தபோது தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். அந்த வேலையை விட்டுவிட்டு, இங்கிலீஷில் கவிதை எழுதப் படிக்க அமெரிக்கா போகிறேன் என்று நான் சொன்ன அன்று அவள் சத்தம் போடவில்லை.

"எல்லாரும் போற வழியில போனா ஒனக்கு என்னட்டி கொறஞ்சிரும்?" என்றாள்.

"நான் நானா இருக்கணும்க்கா."

"அப்ப இத்தன வருசம் எங்கூட இருந்தது யாரு?"

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கிளம்புகிற அன்று பெட்டியில் பருப்புப் பொடியை வைத்துக் கட்டிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டாள். "போயிட்டு வா" என்று சொல்லவில்லை. அதை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் ஒரு தடவை கூப்பிட்டுத் திட்டினால்கூடப் போதும்.

ஜனவரி 21, செவ்வாய்

இந்தப் பருவத்துக்கான கவிதைப் பட்டறை தொடங்கியது. பேராசிரியர் ஹேல் விதிகளைச் சொன்னார். கவிஞர் தன் கவிதையை வாசிக்க வேண்டும். வாசித்த பின் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் அவர் அங்கே இல்லாதது போலப் பேசுவார்கள். "நீ இப்படி எழுதியிருக்கிறாய்" என்று சொல்லக் கூடாது, "கவிதைசொல்லி இப்படிச் சொல்கிறார்" என்றுதான் சொல்ல வேண்டும். கவிதையில் வருவது நிஜமா என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும் கவிஞர் "நன்றி" சொல்லலாம்.

"உங்களால் மட்டுமே எழுத முடிவதை எழுதுங்கள்" என்றார் ஹேல். மேசையைச் சுற்றி இருந்த எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் ஆடின. என் தலையும்தான்.

ஊரில் நான் அமெரிக்க இலக்கியம் நடத்தியபோது, "அமெரிக்கக் கவிதையில் தனிமனிதக் குரலை விளக்குக" என்ற கேள்வி எல்லா வருடமும் வரும். வகுப்பு மொத்தமும் ஒரே கைடைப் பார்த்து, ஒரே பதிலை, ஒரே எழுத்துப்பிழையோடு எழுதும். திருத்தும்போது சிரிப்பேன். பிறகு ஏக்கமாக இருக்கும். யாருக்கும் அடங்காத, யாரைப் போலவும் இல்லாத அந்தக் குரல்கள் எழுந்த நாட்டில் போய் ஒரு நாளாவது உட்கார வேண்டும் என்று இருக்கும்.

உட்கார்ந்துவிட்டேன். டெக்சாஸ்காரன் டைலர் வாசித்தான். பாஸ்டனிலிருந்து வந்த கெய்ட்லின் வாசித்தாள். சியோலில் பிறந்த மின்ஜி வாசித்தாள். மூன்று பேருக்கும் ஒரே ராகம். வரி முடிகிற இடத்தில் குரல் கேள்வி கேட்பதுபோல் மேலே போகிறது, நிற்கிறது, மூச்சு விடுகிறது, அடுத்த வரி. எந்த ஊர் ஸ்டேஷனில் இறங்கினாலும் ஒரே குரலில் வருகிற ரயில் அறிவிப்பு மாதிரி. வாசித்து முடித்ததும் எல்லோரும் சேர்ந்து "ம்ம்" என்கிறார்கள். கைதட்டுவதில்லை. கவிதை பிடித்திருந்தால் "ம்ம்" நீளமாக வருகிறது, பிடிக்காவிட்டால் நாற்காலி நகரும் சத்தம்.

லோரெட்டாவுக்கு நாற்காலிதான் நகர்ந்தது. அறுபது தாண்டியவர், ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முன்னாள் கணவரைப் பற்றி எதுகையும் இயைபுமாக எழுதி, பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கிறமாதிரி கத்தி வாசித்தார். பாதி அறுவை. ஆனால் ஒருவராவது தன் தொண்டையால் வாசித்தாரே என்று இருந்தது. அதை நான் வெளியே சொல்லவில்லை.

இங்கே என்னை எல்லோரும் "இசி" என்கிறார்கள். இசக்கியம்மாள் என்று முதல் நாளே எழுதிக் காட்டினேன். பார்த்துவிட்டு, அழகான பெயர் என்று சொல்லிவிட்டு, இசி என்றார்கள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

என் முதல் கவிதை. காலையில் ரோட்டுக்கு உப்புப் போட வரும் லாரியைப் பற்றி எழுதியிருந்தேன். கவிதைசொல்லியின் பண்பாடு இதில் காணோமே என்று டைலர் வருத்தப்பட்டான். அவருடைய ஊரின் வாசனைகள், பழங்கள் என்று கெய்ட்லின் இழுத்தாள். மாம்பழம் என்று யாரோ சொல்லியேவிட்டார்கள்.

எங்கள் தெருவில் மாமரமே கிடையாது. ஒரு முருங்கை உண்டு, அதுவும் பக்கத்து வீட்டுக்காரருடையது. இதைச் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. விதிப்படி வாயை மூடிக்கொண்டிருந்து, கடைசியில் நன்றி சொன்னேன்.

பிப்ரவரி 6, வியாழன்

உப்பு லாரியை போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு.

பிப்ரவரி 18, செவ்வாய்

என்னால் மட்டுமே எழுத முடிவது எது என்று இரண்டு வாரம் யோசித்தேன். எனக்கு அக்காவைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. அதையே எழுதினேன். "அக்கா" என்று கூப்பிட்டு ஆரம்பித்து, வரிக்கு வரி கூப்பிட்டுக்கொண்டே போகும் கவிதை. அக்கா என்ற சொல்லை மட்டும் தமிழிலேயே விட்டேன். இங்கிலீஷில் எதுகை வராது என்பார்கள், சண்டை போட்டு வரவழைத்தேன். பேசுக்கா, திட்டுக்கா, போனை எடுக்கா என்று கெஞ்சல், கோபம், கேலி எல்லாம் இருந்தது. எழுதி முடித்தபோது அழுதேன். நன்றாகவே இருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வாசித்தேன். நாற்காலி நகர்ந்தது.

உணர்ச்சி மிகை என்றான் டைலர். ஒலி அமைப்பு பழையதாக இருக்கிறது, ஆச்சரியக்குறிகளை எடுத்துவிடலாம் என்றாள் மின்ஜி. கெய்ட்லின்தான் பென்சிலைக் கன்னத்தில் தட்டியபடி சொன்னாள்: "இந்தச் சகோதரி ஏன் பேசவில்லை? கவிதைக்குள் அதற்குக் காரணமே இல்லை. ஒருவேளை அவர் இறந்துவிட்டிருந்தால்?"

அறை முழுக்க "ஆ!" என்றது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்போது அந்த மௌனத்துக்கு ஒரு கனம் வரும், பதில் வராத தொலைபேசி ஒரு படிமமாகிவிடும் என்று ஆளாளுக்கு அடுக்கினார்கள். ஹேல் கண்ணை மூடித் தலையசைத்தார். நான் மேசைக்குக் கீழே விரல்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அக்காவுக்கு அங்கே பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள், நான் நன்றி சொன்னேன்.

லோரெட்டா மட்டும், "எனக்கு அந்தப் பொம்பளை உயிரோடு இருப்பதுதான் பிடித்திருக்கிறது" என்றார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில் உட்கார்ந்து திருத்தினேன். துணி உலர்வதற்குள் அக்காவைக் கொன்றுவிட்டேன்.

ரொம்பச் சுலபமாக இருந்தது, அதுதான் பயமாக இருக்கிறது. எதுகையை எடுத்தேன். "அக்கா" என்று கூப்பிடுகிற இடங்களை எல்லாம் எடுத்துவிட்டு "அவள்" என்று போட்டேன். மேசை இழுப்பறையில் ஒரு மூக்குக் கண்ணாடி, அதற்குப் பக்கத்தில் அடிக்கும் போன். மாம்பழம் ஒன்றும் வைத்தேன். இப்போது எனக்கே அது யாருடைய கவிதை என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

நான் இதுவரை கேட்டதிலேயே நீளமான "ம்ம்". ஹேல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "கடைசியில் உங்கள் சொந்தக் குரலைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், இசி" என்றார். எனக்கு உறுத்தியது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகவும் இருந்தது. இந்த ஊரில் முதல் தடவையாக ஒரு மேசையில் எனக்கும் இடம் இருந்தது.

வகுப்பு முடிந்ததும் கெய்ட்லின் என்னைக் கட்டிப்பிடித்து ஒன்றும் பேசாமல் போனாள். சாயங்காலம் என் வாசலில் ஒரு தட்டு நிறைய, சீஸ் போட்டுச் சுட்ட லசான்யா இருந்தது, மேலே ஓர் அனுதாப அட்டை. நிஜமா என்று கேட்கக் கூடாது என்பதுதான் விதி. நிஜம் என்று நம்பக் கூடாது என்று விதி இல்லை போலிருக்கிறது.

அதற்கு முன்னால், வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது லோரெட்டா தன் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் விதியை உடைத்தார்.

"உன் அக்கா நிஜமாகவே இறந்துவிட்டாரா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் தலையாட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

"பெயர் என்ன?"

"உச்சிமாகாளி."

வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். சரியாக வரும்வரை விடவில்லை. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் சேர்க்கிறாராம், பெயரைத் தப்பாகச் சொன்னால் கடவுள் வேறு யாரையாவது நினைத்துக்கொள்வாராம். இந்த ஊரில் எங்கள் வீட்டுப் பெயர் ஒன்றை முழுசாகக் கற்றுக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். அதுவும் இதற்காக.

மார்ச் 6, வியாழன்

லசான்யா நன்றாக இருந்தது. இரண்டு நாள் சாப்பிட்டேன். துக்க வீட்டுச் சாப்பாடு.

மார்ச் 20, வியாழன்

வசந்தகாலக் கவிதை வாசிப்புக்கு என் கவிதை தேர்வாகியிருக்கிறது. பெரிய அரங்கம், வீடியோ எடுப்பார்கள். "மேடையில் கவிதை வாசிக்கப் போறேன்க்கா" என்று அனுப்பினேன். எந்தக் கவிதை என்று சொல்லவில்லை. இரண்டு நீலக் கோடு. "எழுதிக்கொண்டிருக்கிறார்" என்று மேலே வந்தது. கையில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அது மறைந்துவிட்டது.

பாத்ரூம் கண்ணாடி முன்னால் அந்த ராகத்தைப் பழகினேன். வரி முடிவில் மேலே போ, நில், மூச்சு விடு. நாலாவது தடவையிலேயே வந்துவிட்டது.

ஏப்ரல் 3, வியாழன்

வாசித்தேன். உங்கள் நாட்டு உடையில் வந்தால் நன்றாக இருக்கும் என்று ஹேல் சொல்லியிருந்தார். அக்கா தன் போனஸில் எடுத்துக்கொடுத்த நீலச் சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு, அவள் செத்துப்போன கவிதையை வாசித்தேன். அரங்கம் முழுக்க "ம்ம்".

அறைக்கு வந்து சேலையை மடித்து வைக்கும்போது அழுகை வந்தது. அவள் கை மடிப்புப் போல வரவே இல்லை. அக்கா எனக்கு வேண்டும். கவிதை எல்லாம் எனக்கு அப்புறம்தான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பியூலா மேடம் இப்படிச் செய்வார் என்று யார் நினைத்தது. எங்கள் கல்லூரியில் வேலை பார்த்து மதுரைக்கு மாற்றலாகிப் போனவர். வீடியோவை எங்கேயோ பார்த்து, கவிதையை முழுக்கக் கேட்டு, கல்லூரியின் பழைய ஆசிரியர்கள் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார். "நம் இசக்கியின் அருமை அக்கா மறைவு. ஆழ்ந்த இரங்கல்." கூடவே எரியும் குத்துவிளக்குப் படம். வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். அப்படி ஒன்றும் இல்லை என்று நான் எழுதுவதற்குள் யார் யாருக்கோ போய்விட்டது.

இன்று பட்டறைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

காலையில் பல் தேய்க்கும்போது போன் அடித்தது. திரையில் "அக்கா".

வாயைக்கூடக் கொப்பளிக்காமல் எடுத்தேன்.

"ஏட்டி."

எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன். குளியல் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா..."

"நான் செத்துப் போயிட்டேனாம்லா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நேத்துலேருந்து போனு. அந்த பியூலா டீச்சர் பேசுதா. 'இசக்கி அக்கா வீடா, எப்ப எடுத்தாங்க'ன்னு கேக்கா. 'இன்னும் எடுக்கல, நான்தான் பேசுதேன்'னேன். பட்டுன்னு வச்சிட்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, பற்பசை நுரையும் வந்தது.

"எதுக்குட்டி கொன்ன?"

"கவிதைக்குத் தேவப்பட்டுதுக்கா."

"யாருக்குத் தேவப்பட்டுது?"

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வீடியோவப் பாத்தேன். அந்த இங்கிலீசு எனக்குப் பாதிதான் வெளங்குச்சி. செத்ததுகூடப் பெருசில்லட்டி. அது ஒன் கொரலே இல்ல. ஆஸ்பத்திரில அடுத்த டோக்கனக் கூப்பிடுத நர்சு மாதிரி நின்னு பேசுத. நான் செத்தா நீ இப்படியா நிப்ப? மாரடிச்சுத் தெருவ ரெண்டாக்கிர மாட்ட?"

"ஆக்கிருவேன்க்கா."

"அப்புறம் என்ன?"

இத்தனை மாதமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "நீ ஏங்க்கா எங்கூடப் பேசல?"

வைத்துவிட்டாளோ என்று பயந்தேன்.

"பேசுனா, திரும்பி வந்துருட்டின்னு சொல்லிருவேன். சொல்லிட்டா நீ வந்துருவ. அதான் பேசல."

அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

புதிய கவிதை என்று சொல்லிப் பழையதை எடுத்துக்கொண்டு போனேன். எதுகை, ஆச்சரியக்குறி, கெஞ்சல் எல்லாம் அப்படியே. நடுவில் சில வரிகளைத் தமிழுக்கே மாற்றியிருந்தேன். மாம்பழத்தை எடுத்துவிட்டு அடுப்பில் பாலை வைத்தேன். எழுந்து நின்று, எங்கள் தெருவில் அக்காவைக் கூப்பிடுகிற குரலில் வாசித்தேன்.

யாரும் "ம்ம்" சொல்லவில்லை.

முந்தைய வடிவம் இன்னும் துணிச்சலாக இருந்தது என்றார் ஹேல். இதில் இழப்பின் கனம் போய்விட்டது என்றான் டைலர். கவிதைசொல்லி மீண்டும் பழைய ஒலிகளுக்குள் ஒளிந்துகொள்கிறார் என்று கெய்ட்லின் ஆரம்பித்தாள்.

"கவிதைசொல்லி நான்தான்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஹேல் ஒரு விரலை உயர்த்தினார், விதியை நினைவுபடுத்துவதற்காக.

"என் அக்கா சாகவில்லை. அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள். போன வாரம் போனில் பேசினாள். இறந்துவிட்டாள் என்று நீங்கள் சொன்னீர்கள், நான் எழுதினேன். தப்பு என்னுடையது. ஆனால் என் குரலைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று தயவுசெய்து இனிமேல் சொல்லாதீர்கள். அது உங்கள் குரல். நான் நன்றாகக் காப்பியடித்தேன்."

கெய்ட்லின் முகம் சிவந்துவிட்டது. லசான்யாவை நினைத்திருப்பாள், பாவம். ஹேல் தன் தாளைப் புரட்டி, அடுத்தவரை வாசிக்கச் சொன்னார்.

லோரெட்டா கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"அவர்கள் கேட்கவில்லை. நான் கேட்டேன்" என்றார். "நீ என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாய்."

"ஆமாம். மன்னித்துக்கொள்ளுங்கள்."

"ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். முழுப் பெயரையும்."

அவர் ஏறி உட்கார்ந்து, எஞ்சினைப் போட்டு, கண்ணாடியை இறக்கினார்.

"வருகிற ஞாயிறு ஈஸ்டர், செத்தவர் உயிர்த்தெழுந்த நாள். உன் அக்கா உயிரோடு இருக்கிறார் என்று சர்ச்சில் நான்தான் சொல்லியாக வேண்டும். நம்பிவிடுவார்கள், அதுதான் கொடுமை." அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் இன்னும் உன்னை மன்னிக்கவில்லை. ஆனால் அந்தக் கவிதை நன்றாக இருந்தது. இன்னும் சத்தமாக வாசி."

போய்விட்டார். நான் வீடுவரை நடந்தே வந்தேன். ரோட்டோரம் பனி எல்லாம் கரைந்துவிட்டது.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் அக்கா கூப்பிட்டாள்.

"அந்தக் கவிதையத் தமிழ்ல சொல்லு. செத்தது இல்ல. நான் உசுரோட இருக்கது."

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மனசிலேயே தமிழாக்கி, ஆரம்பம் முதல் கடைசிவரை சொன்னேன்.

"அக்கா, எப்படி இருக்கு? எங்க கிளாஸ்ல ஒரு சட்டம் உண்டு. கவிதைய வாசிச்சவ அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது. மத்தவங்கதான் பேசணும்."

"நல்ல சட்டமாத்தான இருக்கு. ஒனக்குன்னே போட்டது" என்றாள்.

பிறகு பேச ஆரம்பித்தாள். அவள் மூக்குக் கண்ணாடியின் கால் உடைந்து நூல் சுற்றியிருக்கிறாளாம், அதைக் கவிதையில் ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். "திட்டுக்கா"ன்னு கெஞ்சுத வரி நல்லாருக்கு என்றாள். அதை ஒட்டியே திட்டினாள். வேலையை விட்டதற்கு, சொல்லாமல் கொன்றதற்கு, சுங்குடிச் சேலையைக் கணுக்கால் தெரியக் கட்டியதற்கு. பக்கத்து வீட்டு முருங்கை நம் சுவர் மேல் ஒடிந்து விழுந்துவிட்டதாம், அவர்கள் இன்னும் வந்து வெட்டவில்லையாம். சங்கத்தில் புதுச் செயலாளர் சரியில்லை. மாடி ஏறினால் முட்டி வலிக்கிறது. எனக்கு வாங்கி வைத்த போர்வையை யாருக்கும் கொடுக்கவில்லை. பொங்கலுக்கு நான் அனுப்பிய போட்டோவில் முந்திரி கருகி இருந்தது.

எனக்கு இடையில் சொல்ல எவ்வளவோ இருந்தது. முட்டிக்கு டாக்டரிடம் போ என்று, மே மாதம் வருகிறேன் என்று, நீ வா என்று சொல்லாவிட்டாலும் வருவேன் என்று. ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் ஆறிப்போனது. தூரத்தில் ஈஸ்டர் மணி அடித்துக்கொண்டிருந்தது. லோரெட்டா இந்நேரம் எழுந்து நின்று அக்காவின் பெயரைச் சொல்லியிருப்பார்.

"ஏட்டி, இருக்கியா?" என்று நடுவில் கேட்டாள்.

"ம்ம்" என்றேன்.